ஊட்டிக்குப் போன கள்ளிமந்தாரை

காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் காட்டில் பிறந்தவள் ராசாத்தாள். மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் அண்ணன்மார் முகத்தில் முழிக்கக் கூடாது என்கிற வீடு. கோயமுத்தூர் மில்லில் வேலை பார்க்கும் திருமூர்த்திக்கு அவளைக் கட்டிக்கொடுத்தபோது ஊரே கண் வைத்தது. மாசம் பிறந்தால் சம்பளம். வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டாத பிழைப்பு. அவளும் பெருமையாகத்தான் சிங்காநல்லூருக்கு வந்து சேர்ந்தாள். மில்லுக்குள்ளேயே ஒரு வானம் இருக்கிறது, அதிலிருந்து பொழுதுக்கும் பஞ்சு பெய்துகொண்டிருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

திருமூர்த்திக்கு வேலை புளோரூமில். பஞ்சு மூட்டையைப் பிரித்து, உதறி, மிஷினுக்குக் கொடுக்கிற இடம். வேலை விட்டு வந்தால் புருவம், காது மடல், மீசை எல்லாம் வெளுத்திருக்கும். "கெழவனாட்ட வாரீங்க" என்று சிரிப்பாள். அப்படியே பத்து வருஷம் சிரித்தாள். அப்புறம் இருமல் வந்தது, சிரிப்பு நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஆளைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. திங்கட்கிழமை மில் வாசலை மிதித்தாரோ இல்லையோ, நெஞ்சில் கயிறு போட்டு இறுக்கினாற்போல் மூச்சு அடைக்கும். பிள்ளை குட்டி இல்லை. அதைப் பேசி அழுது முடித்தே பல வருஷம் ஆகியிருந்தது. இருப்பது ஒரு புருஷன். அந்தப் புருஷனுக்கும் மூச்சு இல்லையென்றால் என்ன செய்வாள்?

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, தூசியும் புகையும் ஆகாது, வேலையை மாற்று என்றார். சொல்வதற்கு நன்றாகத்தான் இருந்தது. புளோரூமில் பாதி ஆயுளைக் கழித்தவனுக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்?

கொடுத்தது முதலாளியின் மனைவி ரங்கநாயகி அம்மாள். பொங்கலுக்குப் பெரிய வீட்டில் மாவு இடிக்கப் போன இடத்தில் ராசாத்தாள் வாய்விட்டு அழுதுவிட்டாள். அந்த அம்மாள் ஒரு நிமிஷம்தான் யோசித்தார். "எங்க ஊட்டி பங்களாவைப் பாத்துக்க ஆள் இல்லாம கெடக்குது. உன்ற ஊட்டுக்காரரைக் கூட்டிட்டு அங்க போயிரு, கண்ணு" என்றார். அவ்வளவுதான் நடந்தது. ஐம்பத்தேழாம் வருஷம் தை மாசம் இரண்டு பேரும் ஒரு டிரங்குப் பெட்டியோடு மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி மலை ஏறினார்கள்.

அந்த அம்மாளைக் குறை சொல்ல முடியாது. இந்தக் கதையில் யாரையுமே குறை சொல்ல முடியாது, வயிறு எரிவதே அதனால்தான்.

முதல் வருஷம் நன்றாகப் போயிற்று. குளிர் கடித்தது, கம்பளியைப் போர்த்திக்கொண்டு பல்லைக் கடித்தார்கள். ஆனால் திருமூர்த்தியின் இருமல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இரண்டு படிக்கட்டு ஏறினால் சுவரைப் பிடிக்கிறவர், விறகுக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வந்தார். ஒரு நாள் விசில்கூட அடித்தார். அடுப்படியில் இருந்த ராசாத்தாள் அதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். இந்த வீடு இருக்கும்வரை இவர் இருப்பார் என்று அவள் மனசில் அன்றைக்கு எழுதிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் சீசனுக்கு முதலாளி வீட்டார் வந்தபோது, காரின் பின்பக்கம் ஒரு தகர டின் இருந்தது. டின்னில் மண், மண்ணில் ஒரு குச்சி. குச்சியின் நுனியில் நாலு இலை. கள்ளிமந்தாரைக் கொம்பு. ஒடித்தால் பால் வடியும், பூத்தால் தெரு முனைவரை மணக்கும், கோயமுத்தூர் வெயிலில் தானாகவே வளர்ந்துகொள்ளும் மரம். ரங்கநாயகி அம்மாள் கிளம்பும்போது அதைக் காட்டினார்.

"திருமூர்த்தி, நம்ம கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ் ஊட்டு வாசல் மரத்துக் கொம்பு இது. இந்தக் குளிருக்கு வராதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அடுத்த வருஷம் நாங்க வர்றப்பப் பூத்திருக்கோணும், ஆமா!" என்று சொல்லிச் சிரித்துவிட்டுக் காரில் ஏறினார்.

சிரித்ததை ராசாத்தாள் பார்த்தாள். திருமூர்த்தி பார்க்கவில்லை. அவர் தலையைக் குனிந்து "சரீங்கம்மா, சரீங்கம்மா" என்று டின்னிடமே சொல்லிக்கொண்டிருந்தார்.

மில்லில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் இது புரியும். ஒரு தடவை முதலாளி மில்லைச் சுற்றி வரும்போது, ஒரு மேஸ்திரியைப் பார்த்து "உனக்கு இன்னும் வயசாகலியாப்பா?" என்று தமாஷாகக் கேட்டார். மேஸ்திரியும் சிரித்தார். அடுத்த வாரம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முதலாளி சொல்லியா, நடுவில் இருந்தவர்கள் தாமாகவே செய்தார்களா, யாருக்கும் தெரியாது. அன்றிலிருந்து புளோரூமில் ஒரு பழக்கம்: பெரிய வீட்டார் வாயிலிருந்து எது விழுந்தாலும் அது உத்தரவு. விளையாட்டா வினையா என்று தரம் பார்க்கிற வேலை நம்முடையது இல்லை.

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாங்க" என்றாள் ராசாத்தாள்.

"அவிய வெளையாட்டாச் சொல்லலாம், அம்மணி. நாம வெளையாட்டா எடுத்துக்கக் கூடாது. மரம் போச்சுன்னா, 'ஒரு செடியப் பாக்க முடியாதவன் பங்களாவ என்னத்தப் பாப்பான்'னு ஆராவது ஒரு வார்த்தை சொல்லுவாங்க. அப்பறம் மறுபடியும் புளோரூம்தான்."

புளோரூம் என்ற வார்த்தை விழுந்ததும் ராசாத்தாளுக்கும் அது விளையாட்டாகத் தெரியவில்லை. அந்தக் குச்சி பூக்க வேண்டும், பூத்தால் வீடு நிற்கும், வீடு நின்றால் மூச்சு நிற்காது என்று அவளும் கணக்குப் போட்டாள்.

மரம் மழைக்காலத்தில் நன்றாகவே வந்தது. வீட்டின் கிழக்கு முகத்தில் கண்ணாடி போட்ட ஒரு தாழ்வார அறை உண்டு; பெரிய வீட்டார் வந்தால் உட்கார்ந்து காபி குடிக்கிற இடம். டின்னை அங்கே வைத்தார்கள். இலை பெரிதாகி, குச்சி இரண்டு கவையாகப் பிரிந்தது. ஐப்பசியில் இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தன. ராசாத்தாள் பிறந்த காட்டில் இலை உதிர்ந்தால் ஒரே அர்த்தம்தான், தண்ணீர் போதவில்லை. காலையில் ஒரு சொம்பு, மத்தியானம் ஒரு சொம்பு, பொழுதோடு ஒரு சொம்பு என்று ஊற்றித் தள்ளினாள்.

பக்கத்து பங்களாத் தோட்டக்காரர் முஸ்தபா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டுக் கூப்பாடு போட்டார். "ஏம்மா, அது தூங்குது. தூங்குறவன் வாயில தண்ணிய ஊத்துவியா? வேர் அழுகிப் போயிரும்!" முஸ்தபாவுக்கு வாய் ஓயாது, மரம், மாடு, மந்திரி எதைப் பற்றியும் ஒரு தீர்ப்பு வைத்திருப்பார், பாதி சரியாக இருக்கும். இது சரியான பாதி. அவள் சொம்பைக் கீழே வைத்தாள்.

மார்கழி பிறந்தது. காலையில் எழுந்து பார்த்தால் புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டினாற்போல் உறைபனி. செடியில் மிச்சமிருந்த இலைகளின் நுனிகள் எல்லாம் கருகிக் கிடந்தன. திருமூர்த்தி மறுபடியும் முஸ்தபாவிடம் போய் நின்றார். "ராத்திரி அடைஞ்சா ஒரு கணப்புச் சட்டியில கரி நெருப்பு வைங்க கவுண்டரே. காலையிலயும் வைங்க. ஆனா ஒரு கண்ணாடியத் தொறந்து வைங்க" என்றார் அவர்.

அங்கேதான் தவறு நடந்தது. கண்ணாடியைத் திறந்தால் குளிர் உள்ளே வராதா? குளிரை உள்ளே விட்டுவிட்டு நெருப்பு எதற்கு? முஸ்தபாவின் தப்பான பாதி இதுதான் என்று இரண்டு பேரும் முடிவு கட்டினார்கள். அவர்கள் ஊரில் வீட்டுக்குள் நெருப்பு என்பது பயப்படுகிற விஷயம் இல்லை. பிள்ளை பெற்றவளின் கட்டிலுக்கு அடியில் கரி நெருப்பு வைத்துக் கதவைச் சாத்துவார்கள். தாயும் பிள்ளையும் கதகதவென்று கிடப்பார்கள். ஓட்டு வீட்டில் ஓட்டுக்கு ஓடு சந்து இருக்கிறது, புகை தன் வழியைப் பார்த்துக்கொண்டு போகும். கண்ணாடி அறையில் அது எங்கே போகும்? இதை அவர்கள் யோசிக்கவில்லை. பிரசவித்தவளைப் பார்ப்பதுபோல் அந்தக் குச்சியைப் பார்த்தார்கள்: சுற்றிலும் சாக்கு, காலடியில் கணப்பு, எல்லாக் கதவும் சாத்தி.

வீட்டிலேயே கதகதப்பான இடம் அதுதான் என்பதால் திருமூர்த்தியும் நாற்காலியைப் போட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். தலை வலிக்கிறது என்றார். குளிர் என்று சுக்குப் பற்றுப் போட்டாள். பிறகு, போன இருமல் திரும்பி வந்தது. பழைய விருந்தாளி வழி தெரிந்து வந்தாற்போல் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஊட்டி டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார். "வீட்டுக்குள்ள நெருப்புப் போடறீங்களா?"

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ராசாத்தாள் கணப்புச் சட்டியைத் தூக்கிக் கொல்லையில் கவிழ்த்தாள். சாக்கை மட்டும் இறுக்கிக் கட்டினாள். "பூக்காட்டிப் போகுது. அம்மா வந்து கேட்டா நானே பதில் சொல்லிக்கறேன். இனி ஊட்டுக்குள்ள புகை ஆகாது" என்றாள். திருமூர்த்தி தலையை ஆட்டினார். அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுகிறவர்தான். பெரிய வீட்டாருக்கு ஆட்டினது நிஜ ஆட்டம், பெண்டாட்டிக்கு ஆட்டினது சமாதான ஆட்டம் என்று அவளுக்கு அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

தை மாசப் பனி இன்னும் மோசம். முஸ்தபா பார்த்துப் பார்த்து வைத்திருந்த செடிகளே கறுத்துப் போயின. ஆனால் கள்ளிமந்தாரைக்கு ஒன்றும் ஆகவில்லை. தினம் விடிந்ததும் ராசாத்தாள் கீழ்ரோட்டுக்குப் பால் வாங்கப் போவாள். வந்ததும் கண்ணாடி அறை லேசாகக் கதகதவென்றிருக்கும், காலை வெயில் பட்டது என்று நினைத்துக்கொள்வாள். டின்னுக்குப் பக்கத்தில் குனிந்து குச்சியை நகத்தால் லேசாகக் கீறிப் பார்ப்பாள். பொட்டாகப் பால் துளிர்க்கும். உயிர் இருக்கிறது. நெருப்பும் இல்லாமல், கணப்பும் இல்லாமல், இந்தக் குளிரில்! குலதெய்வத்தைக் கும்பிட்டாள். வரும் மாசியில் ஊருக்குப் போய்ப் பொங்கல் வைப்பதாக நேர்ந்துகொண்டாள். ஒரு நாள் கிளை நுனியில் மிளகளவு மொட்டுப்போல ஏதோ புடைத்திருந்தது. இலைதானோ என்னமோ. அவள் அதைப் பூ என்றே வைத்துக்கொண்டு, அன்றைக்குச் சோற்றுக்கு ஒரு கரண்டி நெய் கூடுதலாக ஊற்றினாள்.

ஒன்று மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. மரம் தேறுகிறது, மனுஷன் தேறவில்லை. புகையை நிறுத்தியாயிற்று, மருந்தும் கொடுத்தாயிற்று. அவரோ நாளுக்கு நாள் உருக்குலைந்துகொண்டு வந்தார். பேசும்போது பாதி வார்த்தையில் நிறுத்தி மூச்சு வாங்கினார். "குளுருதான் அம்மணி, பங்குனி வந்தாச் சரியாப் போயிரும்" என்றார்.

ஒரு நாள் காலையில் பால் வண்டி வரவில்லை. பாதி வழியிலேயே யாரோ சொல்லித் திரும்பிவிட்டாள். வாசல் திருப்பத்தில் வந்தவளுக்குக் கண்ணாடி அறைக்குள் யாரோ அசைவது தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தாள்.

திருமூர்த்தி தரையில் மண்டி போட்டிருந்தார். முன்னால் கணப்புச் சட்டி. கையில் அவள் அடுப்படி ஊதாங்குழல். ஒரு ஊது ஊதுவார், கரி சிவக்கும். குழலைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தரையில் ஊன்றி இருமுவார். முகம் நீலம் பாரித்துப் போகும். மறுபடியும் குழலை எடுப்பார். எல்லாக் கண்ணாடியும் சாத்தியிருந்தது. அவளுக்குப் புகை தெரியக்கூடாது என்று வீட்டுக்குள் திறக்கும் கதவின் அடியில் ஈரத்துணி வேறு சுருட்டி வைத்திருந்தார்.

அவள் பாலுக்குப் போகிற அந்த நேரத்துக்குள் நெருப்பு மூட்டி, அறையைச் சூடாக்கி, சட்டியை எடுத்துக்கொண்டுபோய் மறைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் கட்டிலில் போய்ப் படுத்திருக்கிறார். தினமும். அவள் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்ட அத்தனை நாளும் அந்தக் குச்சியைக் காப்பாற்றியது இந்த மூச்சு.

கதவை உதைத்துத் திறந்தாள். "அட பாவி மனுஷா, அட பாவி மனுஷா" என்பதைத் தவிர அவளுக்கு வேறு வார்த்தை வரவில்லை. கட்டின புருஷனை அப்படி ஒரு நாளும் அவள் பேசியதில்லை.

"மொட்டு வெச்சிருக்குது, ராசாத்தி. இன்னும் சித்தெ நாளுதான்…" என்றார் அவர், இருமலுக்கு நடுவில்.

"மொட்டு எனக்கெதுக்குங்க? உங்களுக்கு மூச்சிருந்தாப் போதுமுங்க!"

சொல்லிக்கொண்டே டின்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். அவ்வளவு பாரத்தை எப்படித் தூக்கினாளோ. வெளியே கொண்டுபோய் வெள்ளையாகக் கிடந்த புல்லின்மேல் வைத்து, சாக்கை அவிழ்த்து எறிந்தாள். அவர் வாசற்படியில் உட்கார்ந்து "வேண்டாம் புள்ளே, வேண்டாம் புள்ளே" என்று கையை நீட்டிக்கொண்டே இருந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு பனிக்கே அது வெந்த கிழங்காட்டம் குழைந்து கறுத்தது. நகத்தால் கீறினாள். பால் வரவில்லை. கோபம் தீர்ந்தபோது அவளுக்குப் பயம் வந்தது. மரத்தையும் கொன்றாயிற்று, வீடும் போகப்போகிறது. வீடு போனால் இவர் எங்கே மூச்சு விடுவார்?

அதற்குள்ளேயே அவர் படுக்கையில் விழுந்துவிட்டார். வண்டி பிடித்துக் கோயமுத்தூருக்கு இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூச்சுக்கு மூச்சு இடைவெளியில் அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "அம்மாகிட்ட ஆரு சொல்றது?"

"நான் சொல்றேனுங்க" என்று ராசாத்தாள் ரேஸ்கோர்ஸ் வீட்டுக்கு நடந்தாள். வழி நெடுக வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனாள். தப்பு என்னுது, அவருது இல்லீங்க. மரத்தை வெளியில வெச்சது நானுங்க. ஊட்டை மட்டும் புடுங்கிப்போடாதீங்க.

ரங்கநாயகி அம்மாள் அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "திருமூர்த்திக்கு ஒடம்பு சரியில்லையாமா? இப்பத்தான் கேள்விப்பட்டேன். எந்த வார்டு? ஆரைப் பாக்கோணும், சொல்லு, கண்ணு" என்று படபடத்தார். பழம் எடுத்து வரச் சொன்னார், காபி கொடுக்கச் சொன்னார். அந்த அன்பைத் தாங்க முடியாமல் ராசாத்தாள் தடாலென்று காலில் விழுந்தாள்.

"மரத்தைக் கொன்னுபோட்டேனுங்கம்மா."

"எந்த மரம்?"

ராசாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த அம்மாள் நிஜமாகவே கேட்டார்.

"கள்ளிமந்தாரைங்க. டின்னுல குடுத்துட்டு வந்தீங்களே. பூத்திருக்கோணும்னு சொன்னீங்களே."

ரங்கநாயகி அம்மாள் நெற்றியைச் சுருக்கினார். "அட, அதுவா! கார்ல எடம் இருந்துச்சு, வருதா பாக்கலாம்னு தூக்கிப் போட்டுட்டு வந்தேன். அந்தக் குளுருக்கு அது எங்க வரும்? நான் அப்பவே மறந்துட்டேன்" என்று சிரித்தார். "அதுக்கா இப்படி விழுந்து கும்பிடறே? எந்திரி. போறப்ப இன்னொரு கொம்பு ஒடச்சுத் தாரேன், கொண்டுட்டுப் போ."

"ஊட்டை விட்டுப் போகச் சொல்லுவீங்கன்னு…"

"ஒரு செடிக்காகவா? என்ன புள்ளே பேச்சு இது?" அந்த அம்மாளுக்கு முகமே வாடிவிட்டது.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். காலால் எட்டி உதைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். வாசலுக்கு வந்து, கேட்டுக்கு வெளியே ரோட்டில் நின்று, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நின்றாள். திட்ட ஓர் ஆள் இருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது திருமூர்த்தி தலையணைகளில் சாய்ந்து, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது.

"என்ன சொன்னாங்க?"

அம்மா மறந்துபோட்டாங்க என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அந்த முகத்தைப் பார்த்தாள். ஊதாங்குழலைப் பிடித்துக்கொண்டு மண்டி போட்டிருந்த ஆள் கண்ணில் வந்து நின்றார். இத்தனை மூச்சையும் ஒன்றுமில்லாததற்கு ஊதிப்போட்டீர்கள் என்று எந்த வாயால் சொல்வாள்?

"நெம்ப வருத்தப்பட்டாங்க" என்றாள். "கண்ணுல தண்ணி வந்துருச்சு. பொறந்த நாள்லருந்து கூட இருந்த மரம், அதனாலதான் உங்களை நம்பிக் குடுத்தேன்னாங்க. அந்தக் குளுருல தைமாசம்வரைக்கும் உசுரோட வெச்சிருந்தாரே, வேற ஆரால முடியும்னு கேட்டாங்க."

திருமூர்த்தியின் முகம் தெளிந்தது. பல மாசமாக அவள் காணாத தெளிவு. "பாத்தியா? நீ என்னமோ வெளையாட்டுக்குச் சொன்னாங்கன்னு சொன்னே."

"ஆமாங்க. எனக்குத்தான் தெரியலீங்க."

"ஊடு?"

"நம்முளுதுதானாம்."

அவர் கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டார். பிறகு கேட்டார்: "இன்னொரு கொம்பு கேட்டயா?"

"தாரேன்னு சொன்னாங்க."

அன்று அவள் சொன்னதில் நிஜம் அது ஒன்றும் அந்த வீடும்தான்.

"வாங்கி வெச்சுரு, அம்மணி" என்றார் திருமூர்த்தி. "நான் எந்திரிச்சதும் கொண்டுட்டுப் போலாம். இந்தத் தடவை உட்ரக் கூடாது."

"சரீங்க" என்று சொல்லிவிட்டு ராசாத்தாள் அவர் நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள்.